திரும்ப ஓட்டு கேட்டு வாற எம்எல்ஏவ பத்தி தெரிஞ்சுக்க ரெண்டு சைட்டு: பிரமாணப் பத்திர சைட்டும் மைநேத்தாவும், என் ரிவ்யூ

வேட்பாளருங்க சொத்து, வழக்கு விவரத்த சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்குற பேப்பர்தான் பிரமாணப் பத்திரம். அத போடுற தேர்தல் கமிஷனுக்க சைட்டு, அப்புறம் அதே விவரத்த டேபிளா போடுற மைநேத்தா சைட்டு, இந்த ரெண்டையும் நான் ரொம்ப நாளா யூஸ் பண்ணுதேன். கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை பக்கம் சின்னதா ஒரு பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். பட்டா, வில்லங்கம், வருமானச் சான்றுன்னு ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க, தேர்தல் நெருங்கிட்டுன்னா கூடவே இன்னொரு கேள்வியும் வரும், "தம்பி, நம்ம எம்எல்ஏ திரும்பவும் நிக்குதாராம், ஆளு எப்படின்னு இதுல பாக்க முடியுமா?" பாக்க முடியும். எவ்வளவு தூரம் பாக்கலாம், எங்க வந்து நின்னுரும், வாற நம்பர எப்படி படிக்கணும்னு தெரியாம பாத்தா தப்பா புரிஞ்சுட்டு போறதுக்கும் சான்ஸ் இருக்கு, அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுதேன்.

முதல்ல ஒரு விஷயம். புதுசா நிக்குற ஆள பத்தி இந்த சைட்டுகள்ல கெடைக்கறது ஒரே ஒரு பத்திரம்தான், அத வச்சு பெருசா ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஏற்கனவே பதவில இருந்துட்டு திரும்பவும் என்ன நம்புங்கன்னு வாற ஆளுக்கு ரெண்டு பத்திரம் இருக்கும், 2021-ல குடுத்தது ஒண்ணு, இப்ப குடுக்குறது ஒண்ணு. ரெண்டும் அவரே கையெழுத்து போட்டு, நோட்டரி சீல் வச்சு, சத்தியம் பண்ணி குடுத்தது. நடுவுல இருக்குற அஞ்சு வருஷம்தான் நாம குடுத்த பதவி. அந்த ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்குறதாக்கும் இந்த சைட்டுக்க முழு பிரயோஜனமும்.

கமிஷன் சைட்டுல தேர்தல், மாநிலம், தொகுதி செலக்ட் பண்ணா நின்னவங்க எல்லார் பேரும் போட்டோவோட வரும், மனு ஏத்துக்கிட்டாங்களா, தள்ளுபடியா, வாபஸ் வாங்கிட்டாரான்னும் போட்டிருக்கும். தமிழ்நாட்டுல தொகுதி நம்பர் கடைசி ஆறும் நம்ம மாவட்டம்தான், கன்னியாகுமரி 229, நாகர்கோவில் 230, குளச்சல் 231, பத்மநாபபுரம் 232, விளவங்கோடு 233, கிள்ளியூர் 234. மனு தாக்கல் பண்ணின 24 மணி நேரத்துக்குள்ள பத்திரத்த சைட்டுல ஏத்தணும்னு கமிஷனுக்க விதி இருக்கு, அதனால ஓட்டுக்கு முந்தி பாக்குறதுக்கு தாராளமா டைம் இருக்கு. உள்ள கெடைக்கறது ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், அதாவது பேப்பருக்க படம், தேடுனா எழுத்து வராது. சிலது டைப் அடிச்சிருக்கும், சிலது கையால எழுதினது, போன்ல பாத்தா கண்ணு வலிக்கும். பெரிய ஸ்கிரீன்ல பாருங்க, இல்லன்னா பிரிண்ட் எடுத்திருங்க.

அந்த பத்திரத்துக்கு படிவம் 26ன்னு பேரு. வேட்பாளர், அவருக்க வீட்டுக்காரி இல்ல வீட்டுக்காரர், அவங்கள சார்ந்து இருக்குற பிள்ளைங்க, இப்படி தனித்தனி காலமா, அதாவது டேபிள்ல உள்ள பத்தி மாதிரி, இருக்கும். கடைசி அஞ்சு வருஷம் வருமான வரி கணக்குல காட்டின வருமானம், கைல இருக்குற ரொக்கம், பேங்க் டெபாசிட், ஷேர், வண்டி, நகை, நிலம், வீடு, கடன், அரசாங்கத்துக்கு பாக்கி, வருமானம் எங்க இருந்து வருது, படிப்பு, வழக்கு எல்லாம் இருக்கும்.

இதுல எல்லாரும் நேரா போய் பாக்குறது மொத்த சொத்து மதிப்பு. அத மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணிராதீங்க, அங்கனதான் ஆளுங்க ஏமாறுறது. நகைய எடுத்துக்கோங்க. ஒருத்தருக்க மனைவி பேர்ல 80 பவுன் இருக்குன்னு வைப்போம். 2021 மார்ச்சுல மனு குடுக்கும்போது பவுன் நாப்பதாயிரத்துக்கும் கீழ, 2025 அக்டோபர்ல தொண்ணூறாயிரத்த தாண்டிட்டு. ஒரு குண்டுமணி கூட புதுசா வாங்காமலே அந்த நகைக்க மதிப்பு ரெண்டு மடங்குக்கு மேல ஏறிரும். அதனால ரூபா காலத்த பாக்காதீங்க, கிராம் எவ்வளவுன்னு எழுதியிருக்குல்ல, அத பாருங்க. 640 கிராம் 640 கிராமாவே இருந்தா அங்க ஒண்ணும் இல்ல. 640 கிராம் 1,600 கிராம் ஆயிருந்தா, அத வாங்குற அளவுக்கு அஞ்சு வருஷத்துல வருமானம் காட்டியிருக்காங்களான்னு மேல போய் பாக்கணும்.

நிலத்துக்கும் இதே கதைதான், ஆனா இன்னும் நல்லா பிரிச்சு பாக்கலாம். ஒவ்வொரு நிலத்துக்கும் ஊரு, சர்வே நம்பர், எத்தன சென்டு, பூர்வீகமா சொந்தமா வாங்குனதா, வாங்குன தேதி, வாங்கும்போது குடுத்த விலை, அதுக்கு மேல கட்டடம் எழுப்ப செலவழிச்சது, இப்பத்த மார்க்கெட் விலை, இவ்வளவும் கேட்டிருக்கு. எங்க அப்பா காலத்து நிலம்னு ஒருத்தர் சொன்னா பூர்வீகம்ங்கற காலத்துல அது இருக்கணும். நம்ம ஊர்ல ரோட்டு பக்கத்து நிலம் சென்டு விலை என்னமா ஏறிட்டு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால மார்க்கெட் விலை கூடுறது பெரிய விஷயம் இல்ல. நான் முதல்ல விரல் வைக்குற காலம் வாங்குன தேதி. பழைய பத்திரத்துல இல்லாத சர்வே நம்பர் புதுசுல இருக்கா, அந்த தேதி பதவி காலத்துக்குள்ள வருதா, அதுக்கு குடுத்த விலைய அஞ்சு வருஷ வருமானத்தோட சேத்து பாத்தா பொருந்துதா, இல்ல அதே அளவுக்கு கடன் காலத்துல பேங்க் லோன் ஏறியிருக்கா. இத பாத்தாலே அவருக்க அஞ்சு வருஷ பண விஷயம் பாதி புரிஞ்சிரும். லோன் எடுத்து முறையா வாங்கியிருந்தா அதுவும் தெரியும், அதையும் நாம நேர்மையா ஒத்துக்கணும்.

போன வாரம் எங்க பெரியப்பா ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டோட வந்தாரு, வேற மாவட்டத்து எம்எல்ஏ ஒருத்தருக்க போட்டோ போட்டு சொத்து மூணு மடங்கு ஆயிட்டுன்னு. "பாத்தியாலே, எல்லாவனும் இப்படித்தான்"னு சொல்லிட்டு பெஞ்சுல இருந்தாரு. சாயா வாங்கி குடுத்துட்டு, "பெரியப்பா, பேப்பர பாப்போம்"னு அந்த ஆளுக்க ரெண்டு பத்திரத்தயும் எடுத்து பிரிண்ட் போட்டு முன்னால வச்சேன். பெரியப்பா ரப்பர் சீட்டு யாவாரம் பண்ணின ஆளு, கணக்குல கெட்டி, பேனா எடுத்து வரி வரியா அடிச்சுட்டே போனாரு. நகை கிராம் அப்படியே இருந்துது. நிலம் மூணும் பழைய சர்வே நம்பர்தான், விலை மட்டும் ஏறியிருந்துது. கூடினதுல பெரும்பங்கு இதுலயே போச்சு. ஆனா டெபாசிட்டுல ஒரு தொகை புதுசா இருந்துது, காட்டின வருமானத்தோட சேத்து பாத்தா கொஞ்சம் உதைக்குது, அதுக்கு பெரியப்பா ஒரு வட்டம் போட்டு வச்சாரு. "அப்போ இவன் முழு கள்ளனும் இல்ல, இந்த இடத்துல மட்டும் கேள்வி கேக்கணும், அப்படித்தானே?" அதேதான் பெரியப்பா. ஃபார்வர்டு பாத்து ஒருத்தர திட்டுறதுக்கும் எங்க கேள்வி கேக்கணும்னு தெரிஞ்சு கேக்குறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

வழக்கு பகுதிக்கு வருவோம். எஃப்ஐஆர் நம்பர், எந்த கோர்ட்டு, எந்த பிரிவு, கோர்ட்டுல குற்றச்சாட்டு பதிவு பண்ணியாச்சா இல்லையா, இவ்வளவும் இருக்கும். எத்தன வழக்குன்னு எண்ணிக்கைய மட்டும் பாத்துட்டு பயந்துராதீங்க, எண்ணிக்க கம்மின்னு நிம்மதியும் படாதீங்க. நம்ம மாவட்டம் போராட்டத்துக்கு பேர் போன மாவட்டம், ரோடு சரியில்லன்னு மறியல், துறைமுகம் வேண்டாம்னு கடலோரத்துல போராட்டம், மணல் ஆலைக்கு எதிரா போராட்டம்னு ஏதாவது நடந்துட்டே இருக்கும். இதுல கலந்துக்கிட்ட ஆளுக்கு 143, 188, 341ன்னு இந்திய தண்டனை சட்டத்து பிரிவுகள் வரிசையா கெடக்கும், கூட்டம் கூடினது, உத்தரவ மீறினது, வழி மறிச்சது, அவ்வளவுதான். 2024 ஜூலை 1க்கு அப்புறம் நடந்ததுன்னா புது சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுல போட்டிருப்பாங்க, 143க்கு பதிலா 189, 188க்கு பதிலா 223, 341க்கு பதிலா 126. நம்பர் மாறிப்போச்சுன்னு புது குத்தம்னு நெனச்சுராதீங்க. 420 இருந்தா ஏமாத்து, புதுசுல அது 318. 307 கொலை முயற்சி, புதுசுல 109. இந்த மாதிரி ஒண்ணு இருந்து, குற்றச்சாட்டும் பதிவாயிருந்தா, ஓட்டு கேட்டு வரும்போது நேருக்கு நேர் கேளுங்க. வழக்கு இருக்குறதாலயே ஒருத்தர் குத்தவாளி ஆயிர மாட்டாரு, ஆனா பதில் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருக்கு.

வழக்கு இருக்குறவங்க வாபஸ் தேதி முடிஞ்சதுக்கு அப்புறம் பிரச்சாரம் முடியறதுக்குள்ள மூணு தடவ பேப்பர்லயும் டிவிலயும் அத விளம்பரமா போடணும். இது 2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல வந்தது. 2020 தீர்ப்புல இன்னொண்ணும் சேத்தாங்க, வழக்கு இல்லாத வேற ஆள விட்டுட்டு இவர ஏன் நிறுத்துனீங்கன்னு கட்சி காரணம் சொல்லணும், ஜெயிக்கிற ஆளுன்னு மட்டும் காரணம் சொல்லக்கூடாதுன்னு. ஆனா விளம்பரத்த எங்கயோ ஒரு மூலைல பொடி எழுத்துல போட்டிருவாங்க, யாரு படிக்கா? அதுக்கு சைட்டே மேல்.

இனி மைநேத்தா. இது தேர்தல் சீர்திருத்தத்துக்காக வேலை செய்ற ஏடிஆர்னு ஒரு அமைப்பு நடத்துறது, 1999-ல அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் சேந்து ஆரம்பிச்சது. இப்ப நாம பாக்குற பிரமாணப் பத்திரமே இவங்க போட்ட வழக்குலதான் வந்துது. வேட்பாளருக்க சொத்து, வழக்கு, படிப்பு தெரிஞ்சுக்க ஓட்டு போடுறவனுக்கு உரிமை உண்டுன்னு 2002 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. கட்சிங்க எல்லாம் ஒத்துமையா நின்னு சட்டத்த மாத்தி அத நீர்த்துப்போக பாத்தாங்க, 2003 மார்ச்சுல கோர்ட் அதையும் தள்ளிட்டு. அதுக்கு முந்தி எங்க தாத்தா காலத்துல இப்படி ஒரு பேப்பர் கேக்குறதுக்கே வழி கெடையாது. இத சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே அந்த ஆளுங்க மேல பெரிய மரியாதை இருக்கு.

மைநேத்தால என்ன வசதின்னா ஸ்கேன் பேப்பர பாத்து கண்ண கெடுக்க வேண்டாம், பத்திரத்துல உள்ளத அவங்களே டைப் பண்ணி டேபிளா போட்டிருப்பாங்க. தொகுதிய தட்டுனா வேட்பாளர் எல்லாரும் ஒரே லிஸ்ட்ல, வழக்கு எத்தன, படிப்பு என்ன, சொத்து, கடன். பேர தட்டுனா உள்ள விவரம். எனக்கு ரொம்ப பிடிச்சது, அந்த ஆளு முந்தி நின்ன தேர்தல்களையும் காட்டும், எந்த வருஷம் எவ்வளவு சொத்து, எத்தன வழக்குன்னு. பதவில இருக்குற ஆள பாக்க இதவிட சுருக்கமான வழி இல்ல. விளவங்கோட்டுல 2024-ல இடைத்தேர்தல் வந்துதுல்ல, அது மாதிரி இடைத்தேர்தல் பத்திரமும் கெடைக்கும். மொத்த தொகைய இதுல பாத்துட்டு, கிராமும் சர்வே நம்பரும் கமிஷன் பிடிஎஃப்ல போய் பாக்குறதுதான் என் பழக்கம், ஏன்னா ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா ஒரிஜினல் பத்திரம்தான் செல்லும்னு மைநேத்தாலயே போட்டிருக்கு.

இதுல தெரியாதது என்ன? அண்ணன் தம்பி, மச்சான், மாமனார் பேர்ல இருக்குறது வராது, சார்ந்து இருக்குறவங்க சொத்துதான் வரும். பொய் சொன்னா மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 125ஏ பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லன்னா அபராதம், இல்லன்னா ரெண்டும், அவ்வளவுதான், என்ன கேட்டா இது ரொம்ப கம்மி. காலத்த காலியா விட முடியாது, கேட்டும் நிரப்பலன்னா மனுவ தள்ளலாம்னு 2013-ல தீர்ப்பு இருக்கு, அது ஒரு நல்ல காரியம்.

அதவிட பெரிய குறை, அவரு வேலை செஞ்சாரா இல்லையாங்கறது இந்த ரெண்டு சைட்டுலயும் ஒரு வரி கூட கெடையாது. சொத்து ஏறாத நல்ல மனுசன் அஞ்சு வருஷம் ஒண்ணும் செய்யாமலும் இருந்திருக்கலாம். தேங்காப்பட்டணம் துறைமுக வாய்ல மணல் அடைச்சு வள்ளம் கவிழ்ந்து ஆளுங்க செத்துட்டு இருக்காங்க, அதுக்கு சட்டசபைல பேசினாரா? கிள்ளியூர் பக்கம் 1,144 ஹெக்டேர்ல தாது மணல் எடுக்கப் போறோம்னு வந்தப்ப எங்க நின்னாரு? நாலு வழிச்சாலை இழுத்துட்டே கெடக்குதே, ரப்பர் விலை விழுந்தப்ப என்ன பண்ணினாரு? 2017 நவம்பர்ல ஒக்கி புயல் அடிச்சு கடலுக்கு போன பிள்ளைங்க திரும்பாம கெடந்த நாள்ல யாரு கடற்கரைல நின்னாங்க, யாரு மூணு நாள் கழிச்சு வந்தாங்கன்னு தூத்தூர்ல, சின்னத்துறைல உள்ளவங்க இன்னும் மறக்கல. அது எந்த படிவத்துலயும் வராது.

எம்பின்னா கொஞ்சம் பரவாயில்ல, நாடாளுமன்ற வேலைய கவனிச்சு கணக்கு போடுற பிஆர்எஸ்ங்கற அமைப்புக்க சைட்டுல வருகை எவ்வளவு, எத்தன கேள்வி கேட்டாருன்னு இருக்கு. எம்எல்ஏவுக்கு அந்த அளவுக்கு சுலபமா ஒரு இடத்துல கெடைக்கல. ஆனா தொகுதி மேம்பாட்டு நிதின்னு எம்எல்ஏவுக்கு வருஷத்துக்கு 3 கோடி உண்டு, அது எங்க போச்சுன்னு கேக்கலாம். வெள்ள பேப்பர்ல எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை பொது தகவல் அலுவலருக்கு தகவல் உரிமை சட்டத்துல அனுப்புனா 30 நாளைக்குள்ள பதில் தரணும். ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் எனக்க கடைல இருந்துதான் டைப் பண்ணி அனுப்பினாரு, வேலை பேரு, ஊரு, மதிப்பீடு, முடிஞ்ச தேதின்னு லிஸ்ட் வந்துது. பஸ் ஸ்டாப் நிழற்குடை, ஸ்கூல் சுத்துச்சுவர், உயர் கோபுர விளக்குன்னு. சார் அத சும்மா வைக்கல, பேரன் பைக்குல பின்னால இருந்துட்டு ஒவ்வொரு இடமா போய் பாத்துட்டு வந்தாரு. "நிழற்குடை நல்லா இருக்குடே, உக்கார கல்பெஞ்சு போட்டிருக்கான், விளக்குதான் ரெண்டு எரியல"ன்னு லிஸ்ட்லயே பென்சில்ல எழுதி வச்சிருக்காரு. ஓட்டு கேட்டு வந்தா அந்த பேப்பரோட வாசல்ல நிப்பேன்னு சொல்லிட்டாரு. சார் மாதிரி வார்டுக்கு ஒரு ஆளு போதும்.

நம்ம மாவட்டத்துக்கு நம்பிக்க வைக்கவும் தெரியும், அத சொல்லாம இருக்க முடியல. 1967-ல விருதுநகர் காமராசர தோக்கடிச்சுது. அடுத்த வருஷம் நாகர்கோவில் எம்பியா இருந்த மார்ஷல் நேசமணி ஐயா இறந்து போய்ட்டாங்க, 1969 இடைத்தேர்தல்ல இதே நாகர்கோவில்தான் காமராசர ஜெயிக்க வச்சு டெல்லிக்கு அனுப்புச்சு, 1971-லயும் திரும்ப ஜெயிக்க வச்சுது. அந்த மனுசன் இறந்தப்ப என்ன வச்சிருந்தாருன்னு ஊருக்கே தெரியும், வாடகை வீட்டுல இருந்தவரு. அவரு கிட்ட பத்திரம் கேக்க வேண்டிய அவசியம் இல்ல. இப்ப வாறவங்க கிட்ட கேக்கணும், நல்லா செஞ்ச ஆளா இருந்தா அவருக்கும் இது நல்லதுதான், பேப்பர நீட்டி பாருங்கன்னு தைரியமா சொல்லலாம்லா.

ஸ்டார் எத்தனன்னு கேட்டா, மைநேத்தாவுக்கு அஞ்சுல நாலு, கமிஷன் சைட்டுக்கு மூணு. எனக்க கடைக்கு வாற அம்மாமாருக்கு ரெண்டுலயும் ஒரே பிரச்சனைதான், பெரும்பாலும் இங்கிலீஷ். பக்கத்துல ஒரு ஆளு நின்னு படிச்சு சொல்லணும். கமிஷன் சைட்டுல படமா ஏத்தாம தேடக்கூடிய எழுத்தா ஏத்துனா, பழைய பத்திரத்தயும் புதுசயும் ஒரே பக்கத்துல காட்டுனா, பொன்னு கிராம் கணக்குல தனியா ஒரு வரி போட்டா, என்ன மாதிரி ஆளே தேவைப்படாது. மைநேத்தா தமிழ்ல முழுசா வந்துட்டுன்னா மீதி ஒரு ஸ்டாரயும் அன்னிக்கே போட்டிருவேன்.